போட்டோவின் ஓரத்தில் ஒரு கை

1/
எங்க வீட்டு பீரோவுல ஒரு போட்டோ இருக்கு. 2005 ஜனவரி முதல் வாரம் எடுத்தது. நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு குழந்தை கையில மாத்திரை குடுக்கறேன். பின்னாடி எங்க சபையோட பேனர். ரொம்ப நாள் அது ஹால்ல மாட்டியிருந்தது. நான்தான் கழட்டி உள்ள வெச்சேன். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

2/
டிசம்பர் வந்தாலே உதவி செய்யற சீசன். அரிசிப் பை, கம்பளி, கேக், இலவச மருத்துவ முகாம். இந்த வாரம் மட்டும் எனக்கு மூணு முகாமுக்கு அழைப்பு வந்திருக்கு. நான் கிறிஸ்தவன், அதனால எங்க பக்கத்துக் கதையைச் சொல்றேன். ஆனா அன்னதானம் போடுறவங்க, ஜகாத் குடுக்கறவங்க, சங்கம் வெச்சு சேவை செய்யறவங்க எல்லாருமே படிங்க. இது பொதுவான வியாதி.

3/
2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் கிறிஸ்துமஸ். ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தப்போ கடல் ஊருக்குள்ள வந்துடுச்சுன்னு சொன்னாங்க. சுனாமிங்கற வார்த்தையே அன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன். செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். அவ்வளவு பக்கத்துல நடந்திருக்கு. நான் அப்போ ஹவுஸ் சர்ஜன், வயசு 23.

4/
ஒரு வாரம் கழிச்சு எங்க சபையில முகாம் போட்டாங்க. போற வழியில ஈ.சி.ஆர். ஓரத்துல பழைய துணி மூட்டை மூட்டையா கிடந்தது. ஸ்வெட்டர், கோட்டு, ஜிப்பு போன பேண்ட். கடற்கரை ஊருக்கு ஸ்வெட்டர்! வேன்ல இருந்த நாங்க எல்லாம் சிரிச்சோம். எங்க பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அப்போ யாரும் யோசிக்கல.

5/
பாராசிட்டமால், பி-காம்ப்ளெக்ஸ், வயித்து எரிச்சல் மாத்திரை, இருமல் டானிக். அவ்வளவுதான் இருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். ஊர் பேர் வேண்டாம், சில விவரங்களையும் மாத்தியிருக்கேன். காத்துல பறந்துக்கிட்டே இருந்த பேனரைக் கட்டவே அரை மணி நேரம் ஆச்சு. அது கட்டி முடிச்ச பிறகுதான் முதல் நோயாளியைக் கூப்பிட்டோம். நானும்தான் கயிறு பிடிச்சேன்.

6/
மதியம் போல ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும். கையில நாலஞ்சு மாத்திரை அட்டை. "தம்பி, மூணு நாளா எல்லா கேம்புலயும் இதே மாத்தரதான் குடுக்குறாங்க. எனக்கு ஒண்ணியும் இல்ல. எங்க வூட்டுக்காரரு டி.பி. மாத்தர முழுங்கினு இருந்தாரு. அங்கன்வாடில வெச்சிருந்த பொட்டி தண்ணியோட பூட்ச்சு. அது வேணும்."

7/
நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது எங்ககிட்ட இல்லம்மா, ஜி.எச். போங்க, குடுப்பாங்க." தப்பான பதில் இல்ல, பரீட்சையில எழுதினா மார்க் கிடைக்கும். ஆனா அவங்க வீடு போயிடுச்சு, பஸ்ஸுக்குக் காசில்ல, வீட்டுக்காரர் எழுந்து நடக்கற நிலைமையில இல்ல. இது எதையும் நான் கேட்கல. அவங்களுக்கும் ஒரு பி-காம்ப்ளெக்ஸ் அட்டை எழுதிக் குடுத்தேன்.

8/
அந்த நேரத்துலதான் "டாக்டர், இந்தப் பக்கம் பாருங்க"ன்னு குரல் வந்தது. பக்கத்துல நின்ன குழந்தையை முன்னாடி இழுத்து நிக்க வெச்சாங்க. நான் கோட்டைச் சரி பண்ணிக்கிட்டேன். அதுதான் அந்த போட்டோ. வலது ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு ஒரு கை மட்டும் தெரியும். அந்தக் கையில நாலஞ்சு மாத்திரை அட்டை. முகம் ஃபிரேமுக்குள்ள வரல.

9/
சபைப் பத்திரிகையில "214 பேர் பயனடைந்தனர்"னு வந்தது. அந்த 214ல அந்த அம்மாவும் ஒருத்தர். திரும்பி வரும்போது வேன்ல பாட்டு பாடிக்கிட்டே வந்தோம். மனசு நிறைஞ்சிருந்தது. அன்னைக்கு ராத்திரி ஜெபத்துல என்னைப் பயன்படுத்தினதுக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நடிப்பு இல்ல, கண்ணுல தண்ணியே வந்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

10/
மார்ச் மாசம். மெடிசின் ஓ.பி. வரிசையில எலும்பும் தோலுமா ஒருத்தர். சளியில ரத்தம். பின்னாடி அதே அம்மா. சளி பரிசோதனையில காசநோய்க் கிருமி இருந்தது. ஆறு மாச சிகிச்சையில ரெண்டாவது மாசம் நின்னுபோய், அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்கும் மேல இடைவெளி. அவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "எங்க ஊருக்கு வந்து சேவை செஞ்ச டாக்டருதான நீங்க? நல்லா இருக்கணும்."

11/
யாராவது திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். நன்றியைத்தான் தாங்க முடியல.

12/
பொதுமக்களுக்காக ஒரு மருத்துவ விளக்கம். காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகும், மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறும் அபாயமும் உண்டு. அன்றைய தேசியத் திட்டத்தின்படி, இரண்டு மாதம் இடைவெளி விட்டு நோயோடு திரும்பி வருபவர்களுக்கு எட்டு மாத சிகிச்சை. அதில் முதல் இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, வாரம் மூன்று வீதம் 24 ஊசி. இப்போது அந்த முறை இல்லை.

13/
ஸ்ட்ரெப்டோமைசினுக்கு ஒரு குணம் உண்டு. உள்காதில் நம்மைத் தள்ளாடாமல் நிற்க வைக்கும் பகுதியைச் சிலருக்கு அது பாதிக்கும். அவர் பிழைத்தார், நோய் முழுசா குணமாச்சு. ஆனா கட்டுமரத்துல நிக்க முடியல. நின்னா தலை சுத்துது. பதினாலு வயசுல கடலுக்குப் போன மனுஷன், அதுக்கப்புறம் கரையில உட்கார்ந்து வலை பின்ற வேலைதான் பார்த்தார்.

14/
அன்னைக்கு நான் ஒரு சீட்டு எழுதி, எங்க வேன்லயே அவரை ஏத்திக்கிட்டுப் போயிருந்தா, மறுநாளே புதுப் பெட்டி கிடைச்சிருக்கும். வேன் காலியாத்தான் நின்னுது. நான் கெட்டவன் இல்ல, சோம்பேறியும் இல்ல, காலைல இருந்து சாப்பிடாம உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஏன் அவங்க சொன்னது என் காதுல ஏறல? இந்தக் கேள்விதான் இந்த த்ரெட்.

15/
நல்ல காரியத்தோட நோக்கம் பத்தி எங்க சபைகள்ல நிறைய பேசுவோம். மத்தேயு 6ல இயேசு சொல்றார்: தர்மம் செய்யும்போது தாரை ஊதாதே, வலது கை செய்யறது இடது கைக்குத் தெரிய வேண்டாம். ஆனா அதுக்கு முந்தின அதிகாரத்துலயே, உங்க நற்செயல்களை ஜனங்க பார்க்கட்டும்னும் சொல்றார். அப்போ காட்டணுமா, மறைக்கணுமா? முகாம் கமிட்டியில பேனர் வேணுங்கறவங்க 5ஆம் அதிகாரம், வேண்டாங்கறவங்க 6ஆம் அதிகாரம்!

16/
இன்னொரு பக்கம், யோவான் 12ல யூதாஸ். விலையேறப்பெற்ற தைலத்தை வித்து ஏழைகளுக்குக் குடுத்திருக்கலாமேன்னு கேட்கறான். எந்தக் கமிட்டியிலயும் கைதட்டு வாங்கற பேச்சு. உள்ள இருந்தது பணப்பை மேல ஆசை. அதே சமயம் பிலிப்பியர் முதல் அதிகாரத்துல பவுல், சிலர் பொறாமையில பிரசங்கம் பண்ணினாலும் நல்ல செய்தி போய்ச் சேருதே, அதுல எனக்கு சந்தோஷம்ங்கறார்.

17/
நான் ரொம்ப நாள் பவுலைச் சாக்கா வெச்சு என்னைத் தேத்திக்கிட்டேன். ஒரு டாக்டரா அது சரியாவும் பட்டது. பாராசிட்டமாலுக்குக் குடுக்கறவனோட நோக்கம் தெரியாது. போட்டோவுக்காகக் குடுத்தாலும் ஜுரம் இறங்கும். விளம்பரத்துக்காகக் குடுத்த அரிசியும் உலையில வேகும். அப்போ நோக்கம்ங்கறது எனக்கும் கடவுளுக்கும் நடுவுல இருக்கற தனிக் கணக்கு, வாங்கறவங்களுக்கு அதனால என்ன நஷ்டம்னு நினைச்சேன்.

18/
நஷ்டம் இருக்கு. அதைத்தான் நான் லேட்டா கத்துக்கிட்டேன். நோக்கம் மாத்திரையைக் கெடுக்காது, பார்வையைக் கெடுக்கும். வரிசையில நிக்கறவங்கள்ல யாரை நான் பார்க்கறேன், யார் பேச்சு என் காதுல விழுதுன்னு அதுதான் முடிவு பண்ணுது. அன்னைக்கு எனக்குத் தேவைப்பட்டது கூட்டமும் எண்ணிக்கையும். 214ல ஒண்ணா அந்தம்மாவை எண்ண முடிஞ்சது, அவங்க சொன்னதைக் கேட்க முடியல. அதே மத்தேயு 6ல, தர்மத்தைப் பத்திப் பேசின கொஞ்ச நேரத்துலயே, கண்தான் சரீரத்துக்கு விளக்குன்னு இயேசு சொல்றார். அந்த ரெண்டும் ஏன் ஒரே அதிகாரத்துல இருக்குன்னு எனக்கு இப்போ புரியுது.

19/
இதுக்கு எங்க ஊர்லயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. செங்கல்பட்டுக்குப் பக்கத்துல திருமணி. அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955ல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு, தொழுநோய்க்கான மத்திய பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது. 1940களில் அங்கே ராபர்ட் காக்ரேன் என்ற மிஷனரி மருத்துவர் இருந்தார். வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை சிகிச்சை கற்பிக்க வந்திருந்த பால் பிராண்டை அவர் அங்கே அழைத்துப் போனார்.

20/
விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், என் கையைப் பிடித்து அழுத்துங்கள் என்றார் பிராண்ட். வலிக்கும் அளவுக்குப் பிடி இறுகியது. செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்த கையில் நல்ல தசைகள் மிச்சம் இருந்தன! நன்றாக இருக்கும் தசைநாணை இடம் மாற்றித் தைத்தால் விரல் நிமிருமே என்ற யோசனை அங்கிருந்து தொடங்கியது. வேலூரில் செய்து பார்த்தார்கள். விரல்கள் நிமிர்ந்தன. மருத்துவ வரலாற்றில் பெரிய விஷயம் இது.

21/
ஆனா நான் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம் நடந்தது. பிராண்ட் பல இடங்கள்ல சொல்லியிருக்கார். கை சரியாகி வெளிய போன ஒருத்தர் கொஞ்ச நாள்ல திரும்பி வந்து குறை சொன்னார். மடங்கின கையைப் பார்த்து ஜனங்க காசு போட்டாங்களாம். நிமிர்ந்த கைக்கு யாரும் போடறதில்ல. தழும்பைப் பார்த்துட்டு வேலையும் குடுக்கறதில்ல. பிச்சை எடுக்க உதவாத கையைக் குடுத்துட்டீங்களேன்னு கேட்டார்.

22/
அந்த இடத்துல உங்களை வெச்சுப் பாருங்க. உலகத்துல யாரும் செய்யாத ஆபரேஷனைச் செஞ்சிருக்கீங்க. வந்து குறை சொல்றார். நானா இருந்தா "நன்றி கெட்ட மனுஷன்"னு மனசுக்குள்ள திட்டியிருப்பேன். பிராண்ட் அந்தக் குறையை ஒரு நோய்க்குறி மாதிரி எடுத்துக்கிட்டார். வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கினார். மண் குடிசைகள், ஒரு பட்டறை, மரவேலைப் பயிற்சி. நிமிர்ந்த கைக்கு ஒரு தொழில்.

23/
அங்கே இன்னொரு சிக்கல். ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் காலைல குறைஞ்சிருக்கும். கண்காணிச்சப்போ தெரிஞ்சது, எலி. உணர்வில்லாத விரலைக் கடிச்சா தூங்கறவருக்குத் தெரியாது. அதுக்கு என்ன சிகிச்சை குடுத்தாங்க தெரியுமா? பூனை! வீட்டுக்குப் போறவங்க கையில ஒரு பூனையையும் குடுத்து அனுப்பினாங்க. பேனர் கட்டிப் பூனை குடுக்க முடியுமா? கூடவே இருந்து பார்க்கறவனுக்குத்தான் பூனை தேவைன்னு தெரியும்.

24/
பிராண்ட் மனசுல பெருமையே இல்லன்னு நான் சர்டிபிகேட் குடுக்கல. புது ஆபரேஷன் கண்டுபிடிச்ச எந்த சர்ஜனுக்கும் பெருமை இருக்கும். குறை சொல்றவனை உட்கார வெச்சுக் கேட்கற அளவுக்கு அந்தப் பெருமை அடங்கியிருந்தது, அவ்வளவுதான். சுத்தமான நோக்கம் வரட்டும்னு காத்திருந்தா யாரும் எந்த நல்லதும் செய்ய மாட்டோம்.

25/
அப்போ நம்ம நோக்கத்தை எப்படிப் பரிசோதிக்கறது? தொழுநோய் பரிசோதனையில நாங்க நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லுவோம். நைலான் இழையாலோ பேனா முனையாலோ தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுவோம். கண்ணைத் திறந்து வெச்சிருந்தா எல்லாருமே சரியா காட்டிடுவாங்க, ஏன்னா பார்த்துச் சொல்றாங்க. எனக்கு நானே "என் நோக்கம் சரிதானே?"ன்னு கேட்கறது கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுச் செய்யற பரிசோதனை. எப்பவும் நார்மல்னுதான் வரும். அன்னைக்கு ராத்திரி ஜெபத்துல கண்ணுல தண்ணி வந்ததுன்னு சொன்னேனே, அப்பவும் நார்மல்தான்.

26/
தொடறது வேற ஒருத்தரா இருக்கணும். நான் எதிர்பார்க்காத இடமா இருக்கணும். நன்றி சொல்லாம போனாங்கன்னா எனக்கு எப்படி இருக்கு? நான் செஞ்சதுக்கு வேற ஒருத்தர் பேர் வந்தா? "இது வேணாம், வேற ஒண்ணு வேணும்"னு சொன்னா? நோட்டீஸ்ல என் பேரை விட்டுட்டா எனக்கு சுருக்குனு வலிக்கும். அந்தம்மா வெறுங்கையோட போனப்போ வலிக்கவே இல்ல. வலிக்க வேண்டிய இடத்துல உணர்வு இல்ல, வேண்டாத இடத்துல அப்படி ஒரு வலி. இந்த நோய்க்கு என்ன பேர்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

27/
சுனாமிக்குப் பிறகு நம்ம கரையில பெரிய தொற்றுநோய் எதுவும் பரவல. அதுக்கு எங்க முகாம் காரணம் இல்ல. தண்ணியில குளோரின் கலந்தவங்க, பிணம் எடுத்தவங்க, குப்பை அள்ளினவங்க, தட்டம்மை ஊசி போட நடந்தே போன கிராம சுகாதார செவிலியர்கள்தான் காரணம். அவங்க பேர்ல ஒரு பேனரும் நான் பார்க்கல.

28/
இந்த த்ரெட்டை எதுக்கு எழுதறேன்? லைக்குக்காகவா? நீங்க கேட்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுட்டேன். கொஞ்சம் ஆமாம். "எவ்வளவு நேர்மையா எழுதறார்"னு நாலு பேர் சொல்லணும்கற ஆசை உள்ள இருக்கு. இருந்தாலும் எழுதறேன், ஏன்னா டிசம்பர்ல முகாம் போடறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள் இருக்கு.

29/
போறதுக்கு முன்னாடி அந்த ஊர் செவிலியருக்கு ஒரு போன் பண்ணி என்ன தேவைன்னு கேளுங்க. டி.பி., சுகர், பிரஷர், வலிப்பு, இந்த மாத்திரையெல்லாம் யாருக்கு நின்னு போயிருக்குன்னு கேளுங்க. ஒரு வண்டியை யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குன்னே வெச்சுக்கோங்க. எண்ணிக்கையைப் பத்திரிகைக்குக் குடுக்காதீங்க. முக்கியமா, ஒரு மாசம் கழிச்சு கேமரா இல்லாம அதே ஊருக்கு இன்னொரு தடவை போங்க.

30/
கடைசியா ஒண்ணு. 2005 நவம்பர்ல அவருக்கு சிகிச்சை முடிஞ்சது. அன்னைக்கு தைரியத்தை வரவழைச்சுக்கிட்டுச் சொன்னேன்: "ஐயா, முகாம் அன்னைக்கு அம்மா என்கிட்டதான் உங்க மாத்திரையைக் கேட்டாங்க. நான் காதுல வாங்கல. மன்னிச்சிடுங்க." அவர் சிரிச்சார். "தெரியும் தம்பி. அன்னிக்கே வந்து சொல்லிச்சு. ஊருக்கு ஒத்தாசைக்கு வந்த புள்ளைய குத்தம் சொல்லக்கூடாது, பாத்தா கும்புடுன்னு அதுதான் சொல்லி வெச்சுது."

31/
அந்தம்மா வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. என்னைப் பார்த்து எழுந்தாங்க. பத்து மாசமா அவங்க எனக்கு ஒரு நல்லது செஞ்சுக்கிட்டே இருந்திருக்காங்க, எனக்கே தெரியாம. அந்த போட்டோவை இன்னும் கிழிக்கல. வருஷா வருஷம் டிசம்பர்ல எடுத்துப் பார்ப்பேன். என் முகத்தைப் பார்க்கறதில்ல, ஓரத்துல இருக்கற அந்தக் கையைப் பார்ப்பேன்.

முகாமுக்குப் போறவங்க நல்லபடியா போயிட்டு வாங்க. கேட்டுட்டு வாங்க.